என்னை உற்றுப் பார்த்த குடும்பம்

ஊர் சுற்றப் போனால் நான் கட்டடங்களைப் பார்ப்பதில்லை. அவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அவற்றைப் பார்க்க வந்திருக்கும் ஆட்களைப் பார்ப்பேன். யார், என்ன வேலை, வீட்டில் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வருவேன். செலவில்லாத பொழுதுபோக்கு.

பள்ளி விடுமுறைக்கு ஜொகூரிலிருந்து அக்காவும் அத்தானும் ரவாங்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. அத்தான் எனக்கென்று வாங்கி வந்திருந்த நீல நிற பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. முன்பு ஒருமுறை பெண் பார்க்கப் போகலாம் என்று அக்கா சொன்னபோது குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். அதிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்களா என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தது யாருக்கும் தெரியாது.

மெர்டேக்கா சதுக்கத்தில் பழைய நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே மரத்தடியில் ஒரு குடும்பம். அப்பா புது வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். அம்மா கனமான பட்டுப்புடவை. பெரியம்மா போல ஒருவர் சின்ன பேட்டரி விசிறியைத் தாடைக்குக் கீழே பிடித்திருந்தார். கூடவே வெளிர் பச்சைச் சுடிதாரில் ஒரு பெண். அந்த அப்பா என் சட்டையைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடியும் என் சட்டையைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் போக வேண்டியவங்க, வழி தவறிட்டாங்க" என்று அத்தானிடம் தீர்ப்புச் சொன்னேன்.

இரண்டு ஆறுகள் கலக்கும் இடத்துக்குப் போனோம். பட்டுப்புடவையும் வந்தது. தண்ணீர் கலப்பதை எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருக்க, அந்த நான்கு பேர் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வாசலில் நின்றோம். அங்கேயும் வந்தார்கள். நான் பணப்பையைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்து முன்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் பட்டுக் கட்டிக்கொண்டு திருட வருகிறார்கள் போலிருக்கிறது என்று எரிச்சல்பட்டேன்.

அப்போதுதான் அக்கா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, நடுத்தெருவில் என் தொப்பியைக் கழற்றித் தலையை வார ஆரம்பித்தார்.

"என்னக்கா இது?"

"சும்மா இரு லா. நேரா நில்லு. தெரியாத மாதிரி இரு. எல்லாம் உங்க அத்தான் வேலை."

உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கும் முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் கோயிலிலோ மாலிலோ வைத்துக்கொள்வார்கள். தற்செயலாக வந்தது போல இரண்டு பக்கமும் வந்து, பார்த்துவிட்டுப் போய்விடும். பேசக் கூடாது. பேசினால் சம்மதம் என்று ஆகிவிடும். பேசாமல் போனால் யாருக்கும் அவமானம் இல்லை.

குளியலறை எதுவும் பக்கத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு குடும்பமே வெயிலில் வெந்துகொண்டு என்னைப் பார்ப்பதற்காக அலைகிறது. அதுவரை என்னைப் பார்க்க யாரும் எங்கேயும் போனதில்லை. வயிற்றை உள்ளே இழுத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சுற்றிப் பார்த்ததைச் சுற்றிப் பார்த்தது என்று சொல்ல முடியாது. அக்கா என்னை நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். தொப்பியைக் கழற்றச் சொன்னார், உச்சி வழுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். பசார் செனி சந்தையில் சென்டோல் குடிக்கும்போது, அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி அத்தான் குரலை உயர்த்தினார்.

"தம்பி, போன வருஷந்தானே உனக்கு புரோமோஷன் கெடச்சது?"

"ஆமா அத்தான்."

"சிகரெட் பழக்கமெல்லாம் உனக்கு எப்பவுமே இல்லல்ல?"

"இல்ல அத்தான்."

"சமையல் கூட நல்லாத் தெரியும்ல?"

பெரியம்மா விசிறியை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். நான் ரசம் வைப்பதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினேன். அந்தப் பெண் மட்டும் என்னை நேராகப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், நான் நகர்ந்தால் நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் இவ்வளவு வெட்கமா என்று அக்காவிடம் பெருமையாகக் கிசுகிசுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸுக்குச் சாப்பிடப் போனோம். அதே எல்ஆர்டி ரயில் பெட்டியில் அவர்களும் ஏறினார்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். நான் சோற்றைச் சின்னச் சின்னக் கவளமாக உருட்டி, வாயை மூடி மென்றேன். பரிமாறும் அண்ணன் ஒருவர் வாளியோடு வந்து இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்டபோது, போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை போட்ட சோற்றோடு நான் எழுந்ததில்லை. பசி காதை அடைத்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இவள் சரி என்று சொன்னால் வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

அந்தப் பெண் எழுந்தாள். நேராக எங்கள் மேசைக்கு வந்தாள். அவள் அம்மா எட்டிப் பிடிக்கப் பார்த்து, பட்டு முந்தானையைச் சாம்பாரில் நனைத்துக்கொண்டார். அக்கா என் முழங்காலைக் கிள்ளினார். பேசினால் சம்மதம். இதோ பேசப் போகிறாள்.

"அங்கிள்" என்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேர்ந்து உங்க பின்னாடியே வர்றோம். உங்க மகன எப்பதான் காட்டுவீங்க?"

அக்கா என் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"அவர போட்டோவுல பாத்திருக்கேன்" என்று அவளே தொடர்ந்தாள். "அவரோட அப்பா நீல பாத்தேக் போட்டுக்கிட்டு ஃபவுன்டன் கிட்ட இருப்பாரு, பேசாம பாத்துட்டு மட்டும் வாங்கன்னு தரகர் ஆன்டி சொன்னாங்க. நானும் எல்லாத் தூணுக்குப் பின்னாடியும் தேடிட்டேன். அவரு ரொம்ப ஷையா அங்கிள்?"

அக்கா மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்க ஏற்பாடு பண்ணலையா?"

"நான் நீ பண்ணதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அத்தான்.

யாராவது விளக்க வேண்டும். அது என் தலையில் விழுந்தது. "எனக்கு மகன் இல்லம்மா" என்றேன். கல்யாணமும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வலித்தது. அவள் மரியாதையாகத்தான் பேசினாள், அதனால் இன்னும் வலித்தது.

அவள் அப்பா தரகருக்கு போன் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் இன்னமும் நீரூற்றுப் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். அந்தக் குடும்பம் பாதி இலையில் எழுந்தது. அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கி மன்னிப்புக் கேட்டார். பெரியம்மா போகிற போக்கில் அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் வாசலில் நின்று திரும்பி, "சாரி அங்கிள்" என்றாள். அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பி, "உண்மையாவே ஒரு எடம் பாக்கட்டுமா தம்பி? உள்ள போயி பூட்டிக்க மாட்டியே?" என்று கேட்டார்.

"மாட்டேன்க்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

வயிற்றை இன்னும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். வாளி வைத்திருந்த அண்ணனைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.