புலிக்கு ஏது றெக்கை

எனக்கும் படிப்புக்கும் இருந்த உறவு ஆறாம் வகுப்போடு முறிந்துவிட்டது. அதற்குள் நான் ஒரு ஜெட் விமானம் செய்து முடித்திருந்தேன். அதை அப்பா காலால் மிதித்தார். அந்தக் கோபத்தை நான் வருடக்கணக்கில் சோறு போட்டு வளர்த்தேன்.

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். கொழும்பில் மின்சாமான் திருத்தும் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, பொங்கலுக்கு வந்தபோது உடைந்த ரிமோட் கார் ஒன்றையும் முடி காயவைக்கும் மெஷின் ஒன்றையும் எனக்குக் கொடுத்தார். மெஷினைப் பிரித்தேன். உள்ளே குழாய், குழாய்க்குள் குட்டி ஃபேன். அட, ஜெட்டுக்கு மூக்கில் ஃபேன் இல்லாத மர்மம் இதுதானா! வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீவி பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரை அட்டையான ரெஜிபோமில் உடம்பும் இறக்கையும் வெட்டினேன். குழாயை வயிற்றில் பதித்து, காரின் மோட்டாரையும் பேட்டரியையும் மாட்டினேன். வாசல் கம்பத்தில் நூல் கட்டிச் சுற்றவிட்டால், ஜெட் பின்பக்கமாக ஓடியது.

“ஒன்னோட படிப்பு மாதிரியே போகுதேடா!” என்றாள் அக்கா. லயமே சிரித்தது.

எரிச்சலில் வயரை மாற்றிக் கொடுத்தேன். குழாயில் உரசிய ஃபேனின் நுனிகளைச் சிமெந்துப் படியில் தேய்த்தேன். பின்வாயைக் கொஞ்சம் குறுக்கினேன். இந்த முறை முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ‘ஙொய்ங்’ என்று கம்பத்தைச் சுற்றியது. அசல் குளவிச் சத்தம்! கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கலைந்தால் கங்காணியும் ஓடுவார், துரையும் ஓடுவார். அப்படிப்பட்ட ராஜாவுக்கு வெள்ளை உடம்பு எடுபடுமா? கோயிலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டைப் பூசி, சட்டிக் கரியால் வரி வரியாகக் கோடு போட்டேன்.

சாயந்திரம் வேலை விட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எவன்டா ஒனக்கு மஞ்சளும் கறுப்பும் அடிக்கச் சொன்னது?”

“குளவிப்பா!”

“பாக்குறவன் குளவின்னா நெனப்பான்? புலின்னுல்ல சொல்லுவான்! அதுவும் ப்ளேன்ல!”

புலிகளின் ப்ளேன் வானத்திலிருந்து குண்டு போட்டதாக ரேடியோ அலறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எனக்குச் செய்தி என்பது இரண்டு பாட்டுக்கு நடுவில் வரும் தொந்தரவு, அவ்வளவுதான்.

“புலிக்கு ஏதுப்பா றெக்கை?” என்று கேட்டேன். நியாயமான கேள்வி. பதிலாக ஓர் அறை விழுந்தது. அடுத்து ஜெட் மீது கால் விழுந்தது. துண்டுகளை அம்மா அடுப்பில் போட்டாள். கறுப்புப் புகை லயத்தைச் சுற்றியது. அவளும் துரோகி என்று முடிவு கட்டிப் பட்டினி கிடந்தேன்.

மறுநாள் காலை பொலிஸ் ஜீப் வந்து நின்றது. வீடு வீடாகச் சோதனை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நியாயம் கேட்க அரசாங்கமே வந்துவிட்டதே! எங்கள் காம்பராவுக்குள் நுழைந்த பொலிஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கைகளை இறக்கை மாதிரி விரித்து, அப்பாவைக் காட்டி, அரைகுறைச் சிங்களத்தில் “அப்பா ஒடச்சிட்டாரு...” என்று ஆரம்பித்தேன். அம்மா ஒரு முழு ரொட்டியை என் வாயில் திணித்தாள்.

“இவன் கொஞ்சம் லூசு, மாத்தயா,” என்றார் அப்பா சிங்களத்தில். என் பொருளையும் உடைத்துவிட்டு எனக்கே பைத்தியப் பட்டமா!

அந்த ஆளுக்குத் தேத்தண்ணி நீட்டும்போது அப்பாவின் கை ஆடியது. சுடச்சுடத் தேத்தண்ணி விரல்களில் வழிந்தும் அவர் சிரித்துக்கொண்டே நின்றார். குளிராக்கும் என்று நினைத்தேன். ஒரு குளிருக்கே இப்படி நடுங்குகிறவருக்கு என் குளவியை மிதிக்க என்ன துணிச்சல் என்று, வாய் நிறைய ரொட்டியோடு அவரை முறைத்துக்கொண்டே இருந்தேன்.