இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

எங்கள் ஊரில் ஆடு காணாமல் போனாலும், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தாலும், மறுநாள் கரண்ட் இருக்காது என்றாலும் முதலில் கேட்பது கொளஞ்சியம்மாளின் குரல்தான். தண்ணீர் டேங்கின் உச்சியில் இரண்டு கூம்புக் குழாய்கள் கட்டியிருக்கும். ஒன்று கொள்ளிடத்தைப் பார்த்து, இன்னொன்று திருமானூர் ரோட்டைப் பார்த்து. கீழே அவர் வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும். மைக்குக்குச் சிவப்புத் துணியில் உறை தைத்துக் கொடுத்தது நான். எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேரே அவர் வாசல்.

கொளஞ்சியம்மாளின் அம்மா காலம் வரைக்கும் அவர்கள் வீட்டுப் பெண்கள் அடுத்தவர் வயலில்தான் நடவு நட்டார்கள். அவரும் சின்ன வயதில் நட்டிருக்கிறார். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கஞ்சி குடிப்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவார்களாம். அப்படிக் குரல். மைக் செட் வாங்கியது அவருடைய வீட்டுக்காரர் வேல்முருகன். ஒயர் இழுப்பார், மரம் ஏறுவார், மழையில் நனைந்த பெட்டியையும் பாட வைப்பார். மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் "ஹலோ, ஹலோ" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. முதல் நாள் ஊர் முழுக்க அந்த ஹலோவைக் கேட்டுச் சிரித்ததும், அடுப்படியிலிருந்து வந்த கொளஞ்சியம்மாள் மைக்கைப் பிடுங்கி, தொலைந்துபோன செவலை ஆட்டின் அங்க அடையாளங்களை அழகாகச் சொன்னார். ஆடு பொழுது சாய்வதற்குள் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மைக் அவருடையது, ஒயர் அவருடைய வீட்டுக்காரருடையது.

மேலத்தெருவில் சிலருக்கு அந்தக் குரல் டேங்க் மேலிருந்து வருவது முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவர்கள் வீட்டு மாடும் தொலைந்தது.

அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. கொடுத்த தாளில் மேலிருந்து கீழ் வரை என்ன இருக்கிறதோ அத்தனையும் வாசிப்பார். ஒரு எழுத்தை விடமாட்டார், ஒரு எழுத்தைச் சேர்க்கமாட்டார். கடைசியில் "இப்படிக்கு" என்று சொல்லி, சேதி கொடுத்தவர் பெயரைச் சொல்வார். பேர் இல்லாத சேதியைக் கேட்கும்போது காது பாதிதான் திறக்கும் என்பார். வாய்க்கால் தூர்வாருவது, கோயில் கூழ் ஊற்றுவது போன்ற பொதுக் காரியம் என்றால் "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்."

எல்லாவற்றையும் வாசித்துவிடுவார் என்றும் இல்லை. அபிநயா தனக்குப் பிடித்த பையனோடு போய்விட்டபோது அவளுடைய அப்பா ஓடிவந்து, "அந்தக் கழுதையோட எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு மைக்குல சொல்லு" என்றார்.

"அது உங்க வூட்டு சமாச்சாரம். ஊருக்கு எதுக்கு?"

"இப்படிக்குன்னு என் பேரைப் போட்டுச் சொல்லு. நான்தான பொறுப்பு?"

"நாளைக்கு பேத்தியத் தூக்கிக்கிட்டு வருவா. அப்ப இத எப்படி திரும்ப வாங்குவீங்க? போங்கண்ணே, போயி சாப்புடுங்க."

அபிநயா இப்போது பாடாலூரில் இருக்கிறாள். பேத்தியும் வந்தாயிற்று. அப்பாதான் வாராவாரம் பஸ் ஏறிப் போகிறார்.

போன ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் கொளஞ்சியம்மாள் வீட்டுக்குள் போனார். நான் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் தன் போனில் இருந்த படத்தை அவர் போனுக்கு மாற்றிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். அது ஓர் அரசாங்க உத்தரவு. கொள்ளிடத்தில் மணல் குவாரி திறக்க இடம் குறித்திருந்தார்கள். குறித்த இடம் ஊருக்குக் குடிநீர் வரும் ஆற்றுக் கிணற்றை ஒட்டி. வேலை தொடங்கும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

கொளஞ்சியம்மாள் முதலில் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டார். குழாய்க்குப் பக்கத்திலேயே காலம் தள்ளிய வேல்முருகனுக்குக் காது மந்தம்.

"என்னங்க, ஆத்துக் கெணத்துக்கிட்ட குவாரி வருதாம்!"

"யாரு வர்றா?"

"குவாரி! மணல் குவாரி! ரகசியமாம்!"

"என்னாது?"

"ரகசியம்!"

தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. புருஷனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ரகசியம் எங்கள் தெருவைத் தாண்டிவிட்டிருந்தது.

பிறகுதான் மைக். மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் முகாமைப் பற்றிச் சொல்லி முடித்து, இதை எடுத்தார். பழக்கப்படி மேலே அடித்திருந்த முத்திரையிலிருந்து தொடங்கினார். "பொதுமக்கள் கவனத்திற்கு. ரகசியம். இதனை எக்காரணம் கொண்டும் வெளியில் தெரிவிக்கக் கூடாது." இரண்டு குழாயிலும் கணீரென்று கேட்டது. முழு உத்தரவையும் வாசித்தார். ஹெல்மெட்காரர் பெயர் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் தண்ணீர்க் கிணறு ஊர்ப் பொதுக் காரியம்தானே என்று, "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்" என்று முடித்தார்.

அன்று சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்தது. எஸ்.ஐ. வெற்றிச்செல்வி சின்ன வயதுக்காரர், கோபப்படாமல்தான் பேசினார். அரசாங்க ரகசியத்தை வெளியிட்டதாக மேலே இருந்து புகார் வந்திருக்கிறதாம். வேல்முருகனையே டேங்க் மேல் ஏற்றிக் குழாய்களை இறக்கச் செய்தார்கள். ஆம்ப்ளிஃபயர், மைக், நான் தைத்த உறை, எல்லாம் ஜீப்பில் ஏறின.

"யாரு குடுத்தான்னு சொல்லிட்டு செட்ட எடுத்துட்டுப் போங்கம்மா. சொல்லலன்னா வெளியிட்டது நீங்கதான், உங்க மேலதான் கேசு. ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டிவரும், யோசிச்சுக்குங்க."

ஜீப் போன பிறகு கொளஞ்சியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து வெறும் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிப்பெருக்கு வந்துகொண்டிருந்தது. செட் இல்லாத ஆடிப்பெருக்கை ஊர் பார்த்ததில்லை. ஒரு பெயரைச் சொன்னால் போதும், செட் வீட்டுக்கு வந்துவிடும். சொல்லப்பட்ட ஆளின் அரசாங்க வேலை போய்விடும்.

மறுநாள் வைரக்கண்ணுவின் டீக்கடையில் டிவியைவிட ஆட்கள் சத்தமாகப் பேசினார்கள். டிவியிலும் அதே பேச்சு ஓடியது. எங்கோ ஒரு பத்திரிகை அரசாங்க ரகசியத்தை அச்சடித்துவிட்டதாம். பத்திரிகைக்காரர் மேல் வழக்குப் போடலாமா கூடாதா என்று நாலு பேர் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"போடணும்" என்றார் உத்திராபதி. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைத் தினமும் மிலிட்டரி நேரத்துக்குச் சீவுகிறவர். "ரகசியம்னா ரகசியம்தான். எல்லையில நாங்க எங்க நிக்கிறோம்னு வூட்டுக்குக் கடுதாசியில எழுதக்கூடாது. எழுதுனா சாவறது நாங்க."

"அது எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு" என்றார் வைரக்கண்ணு, டீயை ஆற்றியபடி. "இங்க யாருய்யா எதிரி? தண்ணி குடிக்கிற நாமளா?"

"நான் அதச் சொல்லல. எதச் சொல்லலாம், எதச் சொல்லக்கூடாதுன்னு யாரு முடிவு பண்றது? கொளஞ்சியா? இன்னிக்கு இத வாசிக்கும், நாளைக்கு ஒருத்தன் போலீசு எப்ப ரெய்டு வரும்னு எழுதிக் குடுப்பான். அதயும் வாசிக்குமா?"

அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. ரவிக்கைத் துணிக்கு நூல் வாங்கப் போகிற வழியில் நின்றிருந்த எனக்கும் பட்டது.

பால் வாங்க வந்த கொளஞ்சியம்மாள்தான் பதில் சொன்னார். "வாசிக்கமாட்டேண்ணே. திருடனுக்கு எதுக்கு ஒத்தாசை? அபிநயா சங்கதிய நான் வாசிச்சனா? அது ஒரு வூட்டு சங்கதி. ஆறு யாரு வூட்டு சங்கதி?"

"தப்பா முடிவு பண்ணிட்டீன்னா?"

"அப்ப வந்து என்னய ஏசுங்க. இதே ஊருலதான இருக்கப் போறேன், எங்க ஓடப் போறேன்?"

"ஏசுறது வேற, சட்டம் வேற தங்கச்சி. நீ வாசிச்சது நல்லதுன்னே வச்சுக்க. சட்டப்படி கேசு போடத்தான் செய்யணும்."

"போடட்டும்ணே. பாலுக்குக் காசு நீங்க குடுத்துடுங்க" என்று பால் பாக்கெட்டோடு போய்விட்டார். கடையே சிரித்தது. உத்திராபதியும் மீசைக்குள் சிரித்தார்.

அன்று மதியம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரோடு போனார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

"யாரு குடுத்தாம்மா?" என்றார் எஸ்.ஐ.

"நான்தான் வாசிச்சனே மேடம். ஊர்ப் பொதுமக்கள்."

"அது பேராம்மா? ஆளு பேரு சொல்லுங்க."

"ஆளு பேரு வேணாம்னா அதத்தான் போடுவேன் மேடம். எப்பவும் அப்படித்தான்."

எஸ்.ஐ. வேல்முருகனைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கய்யா."

"சாப்புட்டேம்மா" என்றார் வேல்முருகன் மரியாதையாக.

பக்கத்தில் நின்ற ஏட்டு திரும்பிக்கொண்டார். எஸ்.ஐ. பேனாவை மேஜையில் போட்டார். "சரிம்மா. ஊர்ப் பொதுமக்கள்தான் குடுத்தாங்கன்னா, நாளைக்கு அவங்களயே கூட்டிட்டு வாங்க. நான் அவங்ககிட்டயே எழுதி வாங்கிக்கிறேன்."

எரிச்சலில் சொன்ன பேச்சு அது. கொளஞ்சியம்மாளுக்கு அது ஓர் அறிவிப்பு. வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும், செருப்பை மாட்டிக்கொண்டு மேலத்தெருவிலிருந்து தொடங்கினார். மைக் இல்லை, குழாய் இல்லை. நடவு வயலில் கூப்பிட்ட அதே குரல்.

"பொதுமக்கள் கவனத்திற்கு! நாளைக் காலை பத்து மணிக்கு எஸ்.ஐ. மேடம் ஊர்ப் பொதுமக்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க! கேசு விஷயம்! வர இஷ்டம் உள்ளவங்க வரலாம், இல்லாதவங்க மேல வருத்தம் இல்ல! இப்படிக்கு, கொளஞ்சியம்மாள்!"

அவர் தன் பெயரைச் சொல்லி முடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். முதலில் வைரக்கண்ணு கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பிறகு பால்காரர். பிறகு கரும்பு டிராக்டர் ஒன்று டிரைலரோடு வந்து நின்றது, அதில் ஏற்கெனவே மேலத்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் புளிசாதத் தூக்கோடு. மினி பஸ்ஸில் இடமில்லை. ஸ்டேஷன் வாசலுக்குப் போனால் அங்கே பாடாலூரிலிருந்து அபிநயா இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள், பக்கத்தில் அவளுடைய அப்பா.

எஸ்.ஐ. வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா இது?"

"நீங்க கேட்டவங்க மேடம்" என்றார் கொளஞ்சியம்மாள். "ஊர்ப் பொதுமக்கள்."

ஏட்டு ஒரு தாளை எடுத்தார். "பேரு?"

"வைரக்கண்ணு. நானும்தான் குடுத்தேன்."

"முத்தாயி. எனக்கும் பங்கு இருக்கு, எழுதுங்க."

"இந்தக் கொழந்தையுமா?"

"அதுவும் அந்தத் தண்ணியத்தான குடிக்குது, லீவுக்கு வரும்போது" என்றாள் அபிநயா.

என் முறை வந்தது. ஏட்டு இரண்டு தரம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அது கூச்சப்படுங்க. ரெங்கம்மாள்னு எழுதுங்க" என்றார் பின்னாலிருந்து கொளஞ்சியம்மாள். பிறகு நானே தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உத்திராபதி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெடல் எல்லாம் குத்தி. எஸ்.ஐ.க்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"மேடம், இந்தம்மா மேல கேசு போடணும்ங்கறதுதான் என் கருத்து. அத நான் மாத்திக்கல."

"அப்புறம் எதுக்குய்யா வந்தீங்க?"

"ஊர்ப் பொதுமக்கள்னு போட்டுருக்கு. அதுல நான் இல்லையா? என்னய விட்டுட்டு என்ன ஊர்ப் பொதுமக்கள்? எழுதுங்க, உத்திராபதி, ஹவில்தார், ஓய்வு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஏட்டாக இருக்கலாம். எஸ்.ஐ. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் போனில் யாருடனோ பேசினார். வெளியே புளிசாதம் பிரித்தாயிற்று. ஏட்டுக்கும் ஓர் இலை கிடைத்தது. திரும்பி வந்த எஸ்.ஐ., "இத்தன பேரையும் குற்றவாளியா போட்டு மேல அனுப்பினா என்னயத்தான் கேள்வி கேப்பாங்க. செட்ட எடுத்துட்டுப் போங்கம்மா. தேவப்பட்டா கூப்புடுவேன்" என்றார். இன்றுவரை கூப்பிடவில்லை. கேஸ் முடிந்துவிட்டதா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. உத்திராபதி மட்டும் அது முடியவில்லை என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்.

ஆம்ப்ளிஃபயர் கொளஞ்சியம்மாளின் மடியில் உட்கார்ந்து டிராக்டரில் ஊர் வந்தது. அன்று சாயங்காலமே வேல்முருகன் டேங்க் மேல் ஏறினார்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. போலீஸ் இல்லை, ஆபீஸ் ஜீப். டிரைவர் ஒரு தாளோடு இறங்கினார். மணல் குவாரி சம்பந்தமாக மக்கள் கருத்துக் கேட்கக் கூட்டம் நடக்கும், அதுவரை ஆற்றில் எந்த வேலையும் நடக்காது, எல்லோரும் வரவும். கொளஞ்சியம்மாள் மேலிருந்து கீழ் வரை மனதுக்குள் வாசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்படிக்கு யாருன்னு போடலியே?"

"அதெல்லாம் வேணாம்மா. சும்மா வாசிங்க."

"பேரு இல்லாம வாசிக்கமாட்டேன் தம்பி."

"முன்னாடி ஒருதரம் பேரு இல்லாமத்தான வாசிச்சீங்க?"

"அது ஊரு குடுத்தது. இது நீங்க குடுக்கறது. ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க, நான் காப்பி போடறேன்."

டிரைவர் தெருமுனைக்குப் போய் போன் பேசினார். காப்பி குடித்தார். மறுபடி பேசினார். வேல்முருகன் மைக்கைத் தட்டி "ஹலோ" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆற்றுப்பக்கத்துக் குழாயும் ரோட்டுப்பக்கத்துக் குழாயும் ஒன்றாக அதைத் திருப்பிச் சொல்லின. ஊர் சிரித்தது.

டிரைவர் திரும்பி வந்தார். கொளஞ்சியம்மாள் சிவப்பு உறையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். என் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கடைசி வரி வந்தது.

"இப்படிக்கு," என்று சொல்லி, டிரைவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "தாசில்தார்."

யாருக்கும் பாதிக் காது இல்லை. முழுக் காதாகத்தான் இருந்தது.