வஜீதாவின் தாடை எலும்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை வஜீதாவுக்கு. 2006 வாக்கில் அவளுடைய வலது தாடை மெல்ல உப்பிக்கொண்டு வந்தது. வலி கிடையாது. பல் வீக்கம் என்று சொல்லியே காலத்தை ஓட்டினாள். துப்பட்டாவை இழுத்து மூடினாலும் தெரிகிற அளவுக்கு ஆன பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினாள்.

புற்றுநோய் இல்லை, ஆனால் கட்டி எலும்பை அரித்துவிட்டது, தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அவள் காலிலிருந்தே எலும்பு எடுத்து அங்கே வைக்க வேண்டும் என்றார் டாக்டர் ஃபீபி. வஜீதா தலையாட்டினாள். கம்பெனி பஸ் ஓட்டும் அவள் கணவன் சத்தார்தான் ஒப்பவில்லை.

"வலியே இல்ல மேடம். இன்னாத்துக்கு மூஞ்சிய வெட்டணும்? மாத்திரை குடுங்க, போதும்."

டாக்டர் வாதாடவில்லை. இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். ஆபரேஷனுக்கு முன்பு ஒத்திகை பார்க்கும் கருவி ஒன்று அங்கே சோதனைக்கு வந்திருந்தது. ஸ்கேன் படங்களை அடுக்கி முழு உருவமாக்கிய மண்டையோடு கம்ப்யூட்டர் திரையில் சுழன்றது. மேஜைமேல், மடங்கி நிமிரும் இரும்புக் கையில் ஒரு பேனா மாட்டியிருந்தது.

"இது உங்க வீட்டம்மா எலும்புதான். பேனாவால தொட்டுப் பாருங்க. திரையில எலும்புல பட்டா உங்க கையிலயும் தட்டும்."

சத்தார் பிடித்தான். திரையில் ஒரு புள்ளி நகர்ந்து இடது தாடையில் முட்டியது. கல்லில் பட்டதுபோல் பேனா நின்றது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான். மறுபடி வைத்து, தாடை ஓரமாகவே தடவிக்கொண்டு போனான். மோவாயைத் தாண்டி வலப்பக்கம் வந்ததும் பேனா பொசுக்கென்று அமுங்கியது. இன்னும் தள்ளிப் பார்த்தான். அங்கேயும் பிடிமானம் இல்லை.

வஜீதா அவன் விரல்களையே பார்த்தாள். தன் எலும்பை ஒருவர் தடவுகிறார், தனக்கோ ஒன்றும் தெரியவில்லை. கூச்சமாக இருந்தது. "எனக்கும் ஒரு தபா குடுங்க" என்று வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"ஊறின தோல் மாதிரி கீது."

"இத வச்சிக்கினா இத்தினி நாளா மென்னுக்கினு இருந்தே?" என்றான் சத்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, "எப்ப சேக்கட்டும் மேடம்?" என்று கேட்டான்.

எங்கே வெட்டுவது என்று டாக்டர் அதே பேனாவால் பலமுறை ஒத்திகை பார்த்தார். ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. எலும்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போனது. தண்ணீர் வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. தாடையோடு போன பற்களுக்குப் பதிலாகப் பல் கட்ட வரச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை. எலும்பு எடுத்த கால் மார்கழிப் பனியில் குடையும். இருந்தாலும் அங்கேயே இருந்துவிட்டாள்.