ஜெர்மனியில் போட்ட கும்பிடு

இன்று புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தேன். ஜெர்மனியில் இருக்கும் தங்கை வீடியோ காலில் வந்தாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டாவது தடவையும் பெயில். நான் இயர்போனை மறந்திருந்ததால் அவள் அழுகையை பஸ்ஸே கேட்டது.

"நல்லாத்தான் ஓட்டுனேன்க்கா. வழியில ஒரு சர்ச் கோபுரம் வந்துச்சு. என்னையறியாம ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுட்டேன். பக்கத்துல இருந்த டிரைவிங் மாஸ்டர் அவரு பக்கத்து பிரேக்க மிதிச்சுட்டாரு. அவரு மிதிச்சா பெயிலுதான்."

அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை ஊருக்கு வெளியே. அங்கே பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

"அழாதட்டி" என்றேன்.

டிரைவர் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "சாமி கும்பிட்டதுக்கா பெயில் போட்டான்? சரி, தங்கச்சிட்ட சொல்லுங்க, மனசுக்குள்ள கும்பிட்டா போதும். ஸ்டியரிங்ல இருந்து கைய எடுக்கப்பிடாது. நான் எத்தனை வருசமா ஓட்டுதேன்!"

"சரி அண்ணாச்சி" என்று மூக்கை உறிஞ்சினாள் தங்கை.

அப்போது சங்கரன்கோவில் கோமதி அம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது.

அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். "தாயே கோமதி, அந்தப் பிள்ளைக்கு லைசென்ஸ வாங்கிக் குடு!"

பஸ்ஸே கும்பிட்டது. நான் போனைக் கோபுரத்தின் பக்கம் திருப்பினேன். அங்கே அவளும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சிரித்தாள்.

அந்த நேரம் எங்கள் பஸ்ஸை ஓட்டியது யாரோ, அவரையே தங்கைக்கு மாஸ்டராக அனுப்பலாம் என்றிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?