ஆறினால் நல்ல வண்டி

டூவீலர் மெக்கானிக் தொழிலில் வண்டியைக் கழற்றுவது பெரிய வித்தையே இல்லைங்க. வண்டியோடு வருகிற மனுசனைச் சமாளிப்பதுதான் வித்தை. இந்தத் தொழிலில் கை கறுத்துப் போனவர்களே, நான் சொல்வது தப்பென்றால் சண்டைக்கு வாருங்கள். எண்பதுகளின் கடைசியில் திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளின் டங்கு டங்குச் சத்தத்துக்கு நடுவே ஒர்க் ஷாப் வைத்திருந்தேன். அங்கே வந்து என் உயிரை எடுத்த ஒரே ஒரு வண்டியின் சமாச்சாரம்தான் இது.

முதலில் ஒரு டீ

நாச்சிமுத்து பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற ஊர்க்காரர். பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டு, வீட்டை ஒட்டி ஷெட் போட்டுச் சொந்தமாகப் பவர் டேபிள் வைத்திருந்தார். அதாவது, கம்பெனியில் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கிற வேலை. அவரும் அவர் சம்சாரமும்கூட மெஷினில் உட்கார்ந்து தைப்பார்கள். அவிநாசி ரோட்டில் ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிதான் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. தைத்த பீஸ் லேட்டாகப் போனால் அங்கே பேக்கிங் நின்றுபோகும். இன்னொரு தடவை லேட்டானால் வேலையை வேறு ஆளுக்குத் தாட்டிவிடுவோம் என்று அங்கிருந்த இன்சார்ஜ் சொல்லிவிட்டார். லேட்டுக்குக் காரணம் வண்டி. காலையில் ஒரே கிக்கில் கிளம்பும். சூடானபின் எங்கேயாவது நிறுத்தினால் தொலைந்தது, உதைத்து உதைத்துக் கால் வீங்கினாலும் உயிர் வராது.

வீட்டுக்கு வந்தாலும் கடைக்கு வந்தாலும், வந்தவரை "வாங்க" என்று சொல்லி ஒரு வாய் தண்ணியாவது கொடுக்காமல் காரியம் பேசக் கூடாது, நம்ம பக்கம் அப்படித்தானே? நானும் ஸ்டூலைப் போட்டு டீ சொன்னேன். அவர் என் அப்பாவின் முட்டிவலியை விசாரித்தார். நான் அவர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணி எப்படி என்று கேட்டேன். அப்புறம் போய்க் கிக்கரை மிதித்தால், ஒரே மிதி! கரும்புத் தோட்டத்து மோட்டார் கெட்டது, அவ்வளவு ஜோராக ஓடுகிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். நாலு முறை வந்தார், நாலு முறையும் இதே கூத்து. கடைசியில் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்க, ஓடாத வண்டிய ஓடுதுன்னு சொல்லி விக்கறவங்களப் பாத்திருப்பீங்க. ஓடற வண்டிய ஓடலைன்னு பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆவப் போவுது?"

சாயப்பட்டறை வைத்தியம்

அடுத்த முறை ஹாரனும் செத்துப் போய் வந்தார். பேட்டரியைக் கழற்றினால், உள்ளே தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் எங்கே வாங்கி ஊற்றினீர்கள் என்றேன். கூட வந்திருந்த அவர் மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். அவர் சாயப்பட்டறையில் மாஸ்டர். போர்த் தண்ணியை மெஷினில் விட்டுக் கடினத்தை எடுத்து, சாயம் போடுவதற்கென்று வைத்திருப்பார்களே, அந்தத் தண்ணியைக் கேனில் பிடித்துவந்து ஊற்றியிருக்கிறார். அட சாமி! அதில் கடினம் போகும், உப்பு எங்கே போகும்? பேட்டரிக்கு அதைவிட விஷம் வேண்டியதில்லை என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க தண்ணியில வெளுத்த துணிய வெளிநாட்டுக்காரன் கண்ணை மூடிட்டு வாங்கறானுங்க. உங்க பேட்டரி அவனவிடப் பெரிய ஆளுங்களா?"

புது பேட்டரி வைத்தோம். இந்த வண்டிக்கு பேட்டரி லைட்டுக்கும் ஹாரனுக்கும் மட்டும்தான், ஸ்டார்ட் ஆவதற்கு மேக்னெட்டிலிருந்து தனியாகக் கரண்ட் வருகிறது என்று தலைப்பாடாகச் சொன்னேன். யார் கேட்டார்கள்? பேட்டரி புதுசு, இனி கவலை இல்லை என்று மச்சானும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போனார்கள். மறுவாரம் நாச்சிமுத்து மட்டும் வந்தார். எப்படி இருக்கிறது என்றேன். "ஹாரன் நெம்ப அருமையா அடிக்குதுங்க. வண்டி நின்ன எடத்துலயே உக்காந்து அடிச்சுட்டு இருக்கறனுங்க."

என்ஜினுக்குப் பனியன்

வண்டி ஏன் இப்படிச் சூடாகிறது என்று பார்க்க, ஒருநாள் அவர் லோடு ஏற்றுகிற இடத்துக்கே போனேன். திருப்பூரில் பனியன் மூட்டை ஏற்றுகிற அழகைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒன்று, டேங்க் மேல் ஒன்று, அது போதாதென்று கால் வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு. என்ஜினுக்கு முன்னால் காத்துப் புகச் சந்தே இல்லை. மூட்டையை எல்லாம் பின்னால் கட்டக் கூடாதா என்றேன். பின்னால் ஒரு பீஸ் நழுவி விழுந்தால் தெரியாது, பீஸ் குறைந்தால் கம்பெனிக்காரன் பேசுகிற பேச்சைக் கேட்க முடியாது, கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுங்க.

மூட்டையை இறக்கிக் குனிந்து பார்த்தேன். சிலிண்டரைச் சுற்றி, மேலிருந்து கீழ்வரை, பனியன் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். "நீங்களே கழட்டறீங்களா, இல்ல தீப்புடிச்ச பொறகு ஃபயர் சர்வீஸ்காரங்க கழட்டட்டுமா?" என்று கத்தியேவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வெள்ளை பீஸுங்க. எண்ணெக்கறை பட்டா ரிஜெக்ட் பண்ணிருவாங்க. அதான் கறை ஒட்டாம என்ஜினுக்கே ஒரு பனியன் போட்டு உட்டுட்டனுங்க."

வாங்க என்று சொல்லாத நாள்

பனியனைக் கழற்றிய பிறகும் கோளாறு போகவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் ஆறிவிடுகிறதே, சூட்டோடு என் கையில் கிடைத்தால்தானே கண்டுபிடிக்க முடியும்? அது கிடைத்தது ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ. பொழுது சாய்வதற்குள் கம்பெனியில் பீஸ் இறங்கியாக வேண்டும். கொமரலிங்கத்திலிருந்து வந்திருந்த மாமனாரைப் பின்னால் உட்காரவைத்து, அவர் மடியிலும் ஒரு மூட்டையைக் கொடுத்து வந்திருக்கிறார் நாச்சிமுத்து. பெரியவருக்கு வெற்றிலை வாங்க எங்கள் முக்கில் நிறுத்தினாராம், அவ்வளவுதான், வண்டி படுத்துவிட்டது. வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பெரியவர், வெள்ளை வேட்டி, தோளில் மூட்டை.

நான் வாங்க என்று சொல்லவில்லை. ஸ்டூல் போடவில்லை. பெரியவர் கும்பிட்டதற்குக்கூட நிமிரவில்லை. ஹேண்டில்பாரைப் பிடுங்கி, கை சுடச் சுடப் பிளக்கைக் கழற்றி, என்ஜின் மேல் வைத்துக் கிக்கரை மிதித்தேன். பொறியே இல்லை! சந்தோசத்தில் எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. மேக்னெட்டைத் திறந்தால் உள்ளே காயில், அதுதான் கம்பிச் சுருள், கருகிப் போயிருக்கிறது. ஆறினால் வேலை செய்யும், சூடானால் கையை விரிக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற காயிலும் பக்கத்திலேயே பாதி வெந்து கிடந்தது. மாட்டிக்கொள்ளாத திருடன் இத்தனை நாளாக இதற்குள்தான் உட்கார்ந்திருந்தான். கைவசம் இருந்த காயில் பிளேட்டை மாட்டி மிதித்தேன். சூட்டோடு சூடாக ஒரே கிக். நாச்சிமுத்து என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் மட்டும் வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே கால் வைக்கவில்லை. "ஏனுங் மாப்ள, வாங்கன்னு ஒரு வார்த்த வராத எடத்துல வண்டி கெளம்புனா என்ன, கெளம்பாட்டி என்னங்க?"

கம்பெனியில்

முன்னால் மூட்டை தொங்கவிடக் கூடாது என்று கண்டிசன் போட்டவன் நான். அதனால் அன்றைக்கும் அவர் முன்னால் தொங்கவிட்டிருந்த மூட்டைகளை இறக்கி என் மொபெட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். பொழுது இருக்கும்போதே கம்பெனிக்குள் நுழைந்துவிட்டோம். பேக்கிங்குக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பீஸை எண்ணி வாங்கினார்கள், ஒன்றும் குறையவில்லை. இன்சார்ஜ் எழுந்து வந்து, "வாங்க, வாங்க, பெரியவரே, உக்காருங்க" என்று மூன்று நாற்காலி போடச் சொன்னார். ஃபேனைத் திருப்பிவைத்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. கொமரலிங்கத்தில் ஆற்றுத் தண்ணி வருகிறதா, நெல் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். நாச்சிமுத்து முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

டம்ளரைக் கீழே வைத்ததும் இன்சார்ஜ் சொன்னார், நேரத்துக்கு வந்ததில் நெம்ப சந்தோசம், அடுத்த ஆர்டரை மட்டும் போன வாரமே வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. நாச்சிமுத்து "சரிங்க" என்றார். வெளியே வந்து கிக்கரை மிதித்தார். வண்டி சூட்டோடு ஒரே மிதியில் கிளம்பியது. அவர் சம்சாரம் வீட்டில் மெஷினைத் துடைத்துவைத்துக் காத்திருப்பாள், என்ன சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். பெரியவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாத்தீங்களா, இவங்கல்லாம் மனுசங்க. இல்லைன்னு சொல்றதக்கூட வாங்கன்னு கூப்பிட்டு, உக்கார வெச்சு, டீ குடுத்துல்ல சொல்றாங்க!"

அன்றிலிருந்து என் ஒர்க் ஷாப்புக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்லி முதலில் டீயை வரவழைத்துவிடுகிறேன். வண்டி சரியாகிறதோ இல்லையோ, நல்ல மெக்கானிக் என்ற பேருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லைங்க.