ஜெஸ்மியின் பத்து நாள் லீவு

ஜெஸ்மிக்கு முப்பத்தொன்பது வயது. கருங்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாமென்று அம்மா நேசம்மாளுடனேயே இருந்துவிட்டாள். பதினாறு வருடத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு எடுத்ததில்லை. போன ஜூலையில் வார்டில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது கண் இருட்டித் தரையில் சரிந்தாள். "கொஞ்ச நாள் ஒன்ன நீ கவனி" என்று டாக்டர் பத்து நாள் லீவு கொடுத்து அனுப்பினார்.

எப்படிக் கவனிப்பது என்றுதான் தெரியவில்லை. தோழி ஜெஸ்பின் பியூட்டி பார்லருக்கு இழுத்துப் போனாள். முகத்தில் பூச்சு காய்வதற்குள், பக்கத்து நாற்காலிப் பெண்ணின் வீங்கிய காலைப் பார்த்து "கிட்னி டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டாள் ஜெஸ்மி. திற்பரப்பு அருவியில் பத்து நிமிடம்கூடச் சும்மா நிற்க முடியவில்லை. போனில் தியானம் சொல்லித் தந்தவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. அதிகமாயிற்றே என்று புதிதாக ஒரு கவலை வந்தது.

அவள் வீட்டில் இருப்பது தெரிந்ததும் தெருவே வர ஆரம்பித்தது. ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு ஊசி. ஆறாம் நாள் காலையில் மட்டும் ஏழு பேர். மாத்திரை போட்டு அவள் அடக்கி வைத்திருந்த கடைவாய்ப்பல் வலி அன்று காதுவரை ஏறியிருந்தது. எட்டாவதாக அடுத்த வீட்டு யேசுரத்தினம் வந்து கட்டுப் போட்ட காலை நீட்டினார்.

"மக்கா, இந்தக் கட்ட ஒண்ணு மாத்தித் தா."

"இண்ணைக்கு முடியாது மாமா. ஆஸ்பத்திரில போய்க் கெட்டுங்க."

அவர் சிரித்தார். "லீவுதானே பிள்ளே?"

"லீவு எனக்குள்ளதாக்கும்."

அவர் நொண்டிக்கொண்டே போனார். நேசம்மாள் பாய்ந்து வந்தாள்.

"ஏட்டி, அவருக்க காலு புண்ணுல்லா! இப்பிடியா சொல்லுவ?"

"எனக்க பல்லு நோவுதும்மா. ரெண்டு வருசமாட்டு நோவுது."

"எங்கிட்ட சொன்னியா?"

"நீ கேட்டியா?"

ஜெஸ்மி பையை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் பஸ் ஏறினாள். மாமாவின் புண் சீழ் வைத்துவிடுமோ என்று பயந்து இரண்டு இடத்தில் இறங்கப் பார்த்தாள், இறங்கவில்லை. பல் டாக்டர் சின்னப் பெண். உள்ளே லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "இத எப்படிக்கா இவ்வளவு நாள் தாங்குனீங்க?" என்றாள். எத்தனையோ பேரிடம் ஜெஸ்மி கேட்ட கேள்வி அது. வாயைத் திறந்தபடியே அழுதாள். வலியென்று நினைத்து அந்தப் பெண் தோளைத் தடவிக் கொடுத்தாள். ஜெஸ்மி அசையாமல் இருந்தாள்.

யேசுரத்தினத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டிப் புண் ஆறிவிட்டது. இரண்டு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தவர் பிறகு தானாகவே பேசினார். இப்போது டியூட்டி முடிந்து வந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் தெருக்காரர்களுக்கு. அதன்பின் கதவைச் சாத்திவிடுகிறாள். உள்ளே நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறாள் என்று சொல்ல முடியாது. வெளியே யாராவது இருமினால் எழுந்து தாழ்ப்பாள்வரை போய் நிற்கிறாள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறாள். சில நாள் திறந்தும் விடுகிறாள்.