மாட்டுக்குச் சொன்ன கதை

பிள்ளை வயிற்றில் தங்கினால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன். தங்கியது. எழுபத்தெட்டோ ஒன்பதோ, திருத்தணிக்குப் போய் முடி இறக்கினேன். மீசையும் போனது. தலை நிறையச் சந்தனம். பஸ்ஸைத் தவறவிட்டு மறுநாள் மதியம்தான் உத்திரமேரூர் வந்து இறங்கினேன்.

பெண்சாதி வாசலிலேயே சொன்னாள்.

"மாடு ரெண்டு வேளையா கறக்கல. பக்கத்தூட்டுப் பெரியவரு குந்திப் பாத்தாரு. ஒரே ஒத. செம்பு எங்கியோ போயி வுயுந்துது."

கன்று மழைக்காலத்தில் செத்துவிட்டது. அதன்பிறகு மாடு என் கைக்கு மட்டும்தான் பால் விடும். இவளுக்கு எட்டாம் மாதம், குந்த முடியாது. மடி கல்லாக இறுகியிருந்தது. இன்னொரு வேளை விட்டால் மடி கெட்டுவிடும்.

செம்பை எடுத்துக்கொண்டு போனேன். மாடு என்னை மோந்து பார்த்தது. கயிறு விறைக்கப் பின்னால் போனது. கிட்டே போனால் காலைத் தூக்கியது. நான்கு வருஷமாக நான் தண்ணீர் காட்டிய மாடு.

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"இன்னா நைனா, உரிச்ச தேங்கா கணக்கா வந்து நின்னா அது இன்னா பண்ணும்?"

சந்தனத்தைக் கழுவினேன். முண்டாசு கட்டினேன். அப்போதும் உதை.

"வாயத் தொறந்து எதனா பேசுய்யா," என்றாள் இவள். "கொரலு தெரியாதா அதுக்கு?"

"அதாண்ட நான் எப்பப் பேசிகீறேன்?"

"என்னாண்ட மட்டும் பேசிட்டியாக்கும்."

உண்மைதான். எனக்குப் பேச வராது. ஐந்தாவதோடு நின்றவன். லைப்ரரியில் கதைப்புத்தகம் எடுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அந்த வாரம் படித்த கதையில் பட்டாளத்துக்குப் போன ஒருவன் வேறு முகத்தோடு ஊர் திரும்புகிறான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நான்தான் என்று சொல்லாமலே போய்விடுகிறான். படிக்கும்போது சரியான மடையன் என்று நினைத்தேன். தொழுவத்தில் நின்றபோது அப்படி நினைக்க முடியவில்லை. சொந்த வீட்டில் நின்று நான்தான் என்று சொல்வது லேசு இல்லை.

பேச வேறு ஒன்றும் இல்லாததால் அந்தக் கதையையே மாட்டுக்குச் சொன்னேன். முதலில் வெட்கமாக இருந்தது. தாய் தண்ணீர் கொண்டுவரும் இடத்தில் மாட்டின் காது என் பக்கம் திரும்பியது. குந்தினேன். காம்பைத் தொட்டேன். உதைக்கவில்லை. பால் இறங்கியது. நான் நிறுத்தினால் மட்டும் காலை மாற்றி வைத்தது.

கதை முடிந்துவிட்டது. மடியில் இன்னும் பால் இருந்தது. என்ன செய்வது? போனவனைப் பாதி வழியில் திரும்ப வைத்தேன். தாயிடம் பேச வைத்தேன். அப்படியும் பால் தீரவில்லை. அவனுக்கு ஒரு பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தேன். மடி துணிபோல் ஆன பிறகுதான் எழுந்தேன்.

இவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"பொண்ணு எந்த வூரு?" என்றாள்.

"திருப்புலிவனம்," என்றேன். இவள் பிறந்த ஊர் அது.

"ஐயோ பாவம் அந்தப் பொண்ணு," என்று செம்பை வாங்கிக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.